ஜீப் வந்தால் நிற்கும் புகை

புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைப் புகையை ஆய்வு செய்யும் அரசு உத்தியோகம். கழுத்து வலிக்கும், வேறொன்றும் நடக்காது. ஆய்வுக்குப் போய் முந்திரி பிஸ்கட் தின்றுவிட்டுத் திரும்பிய சக பாவிகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

பாதுகாப்புப் படம்

இரும்பு உருக்கும் அந்தப் பெரிய கம்பெனியில் வாசலிலேயே உட்காரவைத்து ஒரு படம் போடுவார்கள். ஹெல்மெட் எப்படி மாட்டுவது, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று. வெளியாள் யாராக இருந்தாலும் அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே விட வேண்டும், விதி. விதியை மதிக்கச் சொல்ல வந்தவனே அதை மீற முடியுமா? படம் முடிந்து உள்ளே போனால் புகையை உறிஞ்சி வடிகட்டிக்கு அனுப்பும் ஃபேன் ஜம்மென்று ஓடும். மற்ற நேரத்தில் கரண்டை மிச்சம் பிடிக்க அதை நிறுத்திவைக்கிறார்கள் என்று தெரியும், நிரூபிக்கத்தான் வழியில்லை.

ஒருநாள் பொறுமையிழந்து பாதியில் எழுந்தேன். புதிதாகச் சேர்ந்த செக்யூரிட்டி பதறிவிட்டார். "இன்னும் கொஞ்சம் குந்து சார், உள்ள இப்பதான் ஃபேன் போட்டுக்கினு கீறாங்க."

மல்லிகாவின் துணிக்கொடி

கம்பெனிச் சுவருக்குப் பின்னால் மல்லிகாவின் வீடு. கணவர் அந்தோணி அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. சின்ன மகளுக்கு வீசிங். புகையைப் பற்றி எங்கள் ஆபீசில் புகார் கொடுத்தது மல்லிகாதான். அது வெளியே தெரிந்தால் கணவர் வேலை போய்விடும் என்று பயம். கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை உதறிக் காட்டினார், கரித்தூள் கொட்டியது. அண்ணாந்து பார்த்தேன். புகையே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மல்லிகா கோபப்படவில்லை. "உங்க ஜீப்பு வந்தா புகை நின்னுடுது சார். தெனமும் வந்துக்கினு இருங்களேன்."

ஷேர் ஆட்டோவில்

அந்தப் பேச்சு குத்தியது. அடுத்த முறை ஜீப்பை வழியிலுள்ள புதுவாயலிலேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போய், மல்லிகா வீட்டு வாசலிலிருந்து கரும்புகையைப் படம் பிடித்தேன். மேலிடத்தில் மன்றாடி அதிகாரம் வாங்கி, உலையை மூட உத்தரவு போட்டுச் சீலும் வைத்துவிட்டேன். கம்பெனி அலட்டிக்கொள்ளவில்லை. வேலையைத் தன் இன்னொரு ஆலைக்கு மாற்றிக்கொண்டு, கான்ட்ராக்ட் ஆட்களை அன்றே வீட்டுக்கு அனுப்பியது. அந்தோணியும் அவர்களில் ஒருவர். அவர்களுக்காக என் உத்தரவில் ஒரு வரிகூடக் கிடையாது; எழுத எனக்கு அதிகாரமும் இல்லை.

சீல் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கப் போனபோது மல்லிகா எதிரே வந்தார். கொடியில் துணி பளிச்சென்று இருந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று கூச்சத்தோடு நின்றேன். "புள்ள இப்ப நல்லா தூங்குது சார், பொய் சொல்லக் கூடாது. ஆனா அவரு சும்மா குந்திக்கினு கீறாரு. எப்ப சார் தொறப்பீங்க?"

பெரிய உலையையும் அணைக்கும் அதிகாரம் எனக்கு உண்டு என்பது உண்மைதான் அன்பர்களே, ஆனால் அதைக் கொண்டு நான் அணைத்தது மல்லிகா வீட்டு அடுப்பைத்தான்.