கெண்டிக்கு அடியில் யார் பெயர்

பக்கத்து வீட்டு யோருன் தன் வீட்டை விற்கிறாள் என்று படகுத்துறைக் கடையில் கேள்விப்பட்டதும் டாக்னிக்கு முதலில் வந்தது கவலை. யோருனின் அந்தச் செம்புக் காபிக் கெண்டி இனி யாருக்குப் போகும் என்ற கவலை. வருத்தமும் வந்தது, வராமல் இல்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து போகிற வழியில் பாதித் தூரம் கழித்துத்தான் வந்தது. இதை அவளே பிற்பாடு எல்லாரிடமும் ஒப்புக்கொண்டாள்.

டாக்னியைக் கெட்டவள் என்று எங்கள் தீவில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஞாயிறு ஆராதனைக்கு அடைமழையிலும் வந்துவிடுவாள். பெண்கள் மிஷன் சங்கத்துக்கு முப்பது வருடமாக அவள்தான் செயலாளர். கூட்டக் குறிப்புகளைப் பெரிய பெரிய சாய்ந்த எழுத்தில், ஒரு பக்கத்துக்கு எட்டே வரியாக எழுதி வைப்பாள். மடகாஸ்கர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினாள். அங்கே வெயில் கொளுத்துமே என்று கேட்டவர்களிடம், "ஏன், ராத்திரின்னு ஒண்ணு அங்க கிடையாதா?" என்றாள்.

குறை ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டில் எது இருந்தாலும் அவளுக்கு வயிறு எரியும். நாங்கள் லுத்தரன்கள், பிறர் பொருளை இச்சிக்காதே என்பதை ஒன்பதாவது, பத்தாவது என்று இரண்டு கட்டளைகளாகப் பிரித்து, சிறு வயதில் சபையில் திடப்படுத்தும் சடங்குக்கு முன்பே மனப்பாடம் செய்தவர்கள். "கொலைக்கு ஒண்ணு, களவுக்கு ஒண்ணு, இதுக்கு மட்டும் ரெண்டு. நான் பொறப்பேன்னு கர்த்தருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு," என்று டாக்னியே சொல்லிச் சிரிப்பாள். சிரித்த கையோடு, யோருன் ஜன்னலில் புதுத் திரை தொங்குகிறதா என்று எட்டிப் பார்ப்பாள்.

இருவருக்கும் நடுவில் ஒரு வேலியும் ஐம்பது வருடமும் இருந்தன. யோருன் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினால் டாக்னி வீட்டில் இரண்டு அடிக்கும். யோருன் வாஃபிள் அப்பம் சுடும் இரும்பு அச்சு ஒன்று வாங்கினாள். டாக்னியிடம் இப்போது நான்கு. வீடு நிறைந்ததும் சாமான்கள் கொல்லையில் கல் கால்களின் மேல் நிற்கும் மரக் களஞ்சியத்துக்குப் போயின. அவள் மாமனார் காலத்தில் அதில் உலர்ந்த ஆட்டுக்கறியும் மாவும் இருந்தன. இப்போது கதவைத் திறந்தால் நாற்காலிகளும் விளக்குகளும் முகத்தில் இடிக்கும். அவள் புருஷன் எட்வின் தன் தூண்டில்களைக் கடைசியாகப் பார்த்துப் பதினோரு வருடம் ஆயிற்று.

"அறுவடை ஆராதனையில போதகர் படிச்சாரே, களஞ்சியத்தை இடிச்சுப் பெருசா கட்டுன பணக்காரன் கதை, காதுல விழுந்துச்சா?" என்று எட்வின் ஒருமுறை கேட்டான்.

"நல்லா விழுந்துச்சு. யோருன் கேட்டாளான்னு திரும்பிக்கூடப் பார்த்தேன்," என்றாள் டாக்னி.

ஆனால் எத்தனை வாங்கினாலும் அந்தச் செம்புக் கெண்டிக்கு ஈடாகவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஜெபவீட்டில் மிஷனுக்காக நடந்த சந்தையில் அது சீட்டுக் குலுக்கலுக்கு வைக்கப்பட்டிருந்தது. டாக்னி கை நிறையச் சீட்டு வாங்கிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யோருன் கடைசி நிமிடத்தில் மாடு கறந்த கையோடு வந்தாள், மிச்சமிருந்த ஒரே சீட்டை வாங்கினாள், கெண்டியைத் தட்டிக்கொண்டு போனாள். டாக்னிக்கு ஆறுதல் பரிசாக ஒரு பொட்டலம் பேக்கிங் பவுடர் கிடைத்தது. பிறகு ஓலசுண்ட் நகரத்துக்குப் போய் மூன்று செம்புக் கெண்டி வாங்கி வந்தாள். மூன்றும் அதைவிடப் பெரிது. மூன்றையும் பார்க்கப் பிடிக்காமல் களஞ்சியத்தில் போட்டாள்.

இப்போது யோருன் சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையும் ஒரு குட்டிச் சமையலறையும் உள்ள இடத்துக்குப் போகிறாள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. சங்கக் கூட்டத்தில் அவளே சொன்னாள்.

"அடுத்த கூட்டம் என் வீட்டுல, கடைசியா. ஒவ்வொரு சாமானுக்கும் அடியில உங்க பேரு ஒட்டி வைக்கிறேன். காபி குடிச்சு முடிச்சதும் அவங்கவங்க தேடி எடுத்துக்கங்க. அதுக்கு முன்னாடி யாராவது கவுத்துப் பார்த்தா, அவங்களுக்கு வாஃபிள் கிடையாது."

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் இப்படிப் பெயர் ஒட்டுவது வழக்கம்தான். பிள்ளைகள் பிற்பாடு அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஆனால் டாக்னிக்கு அன்று முதல் தூக்கம் போயிற்று. கெண்டி தனக்கு வரும் என்று ஒரு மனம் சொன்னது. ஐம்பது வருடப் பழக்கம், வேறு யாருக்குக் கொடுப்பாள்? இன்னொரு மனம் ஹெர்டிஸ் பெயரைச் சொன்னது.

ஹெர்டிஸ் எட்டு வருடத்துக்கு முன்னால் தீவுக்கு வந்தவள். போன பிப்ரவரியில் அவள் வீடு தீப்பிடித்துச் சாம்பலாயிற்று. கட்டிய துணியோடு வெளியே வந்தவளை எல்லாரும் தாங்கினார்கள். தீவே அவளுக்கு ரொட்டி சுட்டது. யோருன் தன் வீட்டிலேயே மூன்று வாரம் வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும். சொன்னால் வெட்கக்கேடு, டாக்னிக்கு வீடு எரிந்தவள் மேலேயே பொறாமை வந்தது. அவளும் வெறுங்கையாக இருக்கவில்லை. களஞ்சியத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தாள். சூடான பாத்திரத்தைத் தூக்க உதவும் கம்பளிப் பிடிதுணி ஏழு. ஹெர்டிஸிடம் அப்போது ஒரு பாத்திரம்கூட இல்லை.

கூட்டத்தன்று டாக்னி ஒரு மணி நேரம் முன்னதாகவே வாஃபிள் இரும்போடு போய் நின்றாள்.

"என்னடி இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் யோருன்.

"உதவி பண்ணலாம்னு வந்தேன். ஏன், வரக் கூடாதா?"

"வா வா. மாவைக் கலக்கிட்டு இரு, நான் நிலவறையில போய் ஜாம் எடுத்துட்டு வர்றேன். என் முழங்காலுக்குக் கால்மணி நேரம் ஆகும்."

அந்தக் கால்மணி நேரத்தில் டாக்னி மாவைத் தொடவே இல்லை. சர்க்கரைக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள்: போதகர் மனைவி பெயர். கடிகாரத்தைச் சாய்த்தாள்: ஊலாவ் கிழவனின் பெண் பெயர். மெழுகுவர்த்தித் தாங்கி, பூச்சட்டி, கம்பளம் தட்டும் பிரம்பு, ஈ அடிக்கிற மட்டை வரைக்கும் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. கடைசியாகக் கெண்டியைத் தூக்கினாள். அடியில் யோருனின் நுணுக்கி எழுதிய எழுத்தில் ஹெர்டிஸ் என்று இருந்தது.

அவள் ஜன்னலோரத்தில் தான் வழக்கமாக உட்காரும் நீல நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஈ மட்டைக்குக்கூட ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள். ஐம்பது வருடம் வேலி தாண்டி வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தவளுக்கு ஒன்றும் இல்லை. கண்ணில் நீர் முட்டியது, வயிறு தீயாய் எரிந்தது. ஜன்னல் விளிம்பில் மிச்ச ஒட்டுச்சீட்டுகளும் பேனாவும் கிடந்தன. நிலவறைப் படியில் யோருன் ஏறி வருகிற சத்தம் கேட்டது. டாக்னி கெண்டியின் அடியிலிருந்த சீட்டை உரித்துத் தன் கம்பளிச் சட்டைப் பையில் போட்டாள். வேறொன்றில் தன் பெயரை எழுதி ஒட்டினாள்.

ஒன்பது பெண்கள் வந்தார்கள். வாஃபிளும் பழுப்புச் சீஸும் காலியாயின. அன்று வேதம் வாசிக்கும் முறை டாக்னியுடையது. பகுதியை யோருன் குறித்துக் கொடுத்திருந்தாள். பூமியில் பொக்கிஷம் சேர்க்காதே, பூச்சியும் துருவும் தின்னும் என்ற பகுதி. துரு வரைக்கும் டாக்னி கணீரென்று வாசித்தாள். அடுத்து வசனத்தில் திருடர்கள் வந்தார்கள். அங்கே இருமத் தொடங்கினாள்.

"தண்ணி குடிடி," என்றாள் யோருன்.

ஜெபம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து சாமான்களைக் கவிழ்க்க ஆரம்பித்தார்கள். ஒரே சிரிப்பும் கூச்சலும். ஈ மட்டை கிடைத்தவள்தான் அதிகம் சிரித்தாள். ஹெர்டிஸ் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இரண்டு சுற்று வந்தாள். பிறகு பேசாமல் அழுக்குக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"உனக்கு இன்னும் கிடைக்கலையா?" என்றாள் யோருன்.

"பரவாயில்ல யோருன். எனக்கு வைக்க அலமாரி ஏது? சாக்கு மூட்டை அளவுதான் இப்ப நான் இருக்கிற வீடு."

யோருன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கெண்டியை எடுத்துக் கவிழ்த்தாள். பார்த்தாள். அந்தப் பெரிய சாய்ந்த எழுத்தை முப்பது வருடமாகக் கூட்டக் குறிப்பில் படித்தவள். டாக்னி உட்கார்ந்த இடத்திலேயே ஒடுங்கினாள். இப்போது சொல்லிவிடுவாள், நாளைக்குப் படகுக்காரன் வரைக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

யோருன் சொல்லவில்லை. கெண்டியை மேசை மேல் வைத்துவிட்டு, "டாக்னி, கொஞ்சம் எந்திரி," என்றாள்.

டாக்னி எழுந்தாள். யோருன் அந்த நீல நாற்காலியைப் படுக்கவைத்து அடிப்பக்கத்தைக் காட்டினாள்.

"எல்லாத்தையும் கவுத்துப் பார்த்திருப்ப. நீ உக்கார்ற நாற்காலியைப் பார்த்தியா?"

அங்கே நுணுக்கி எழுதிய எழுத்தில் இருந்தது: டாக்னி. இது என்னோடு வருகிறது.

"புது இடத்துல ரெண்டு நாற்காலிக்குத்தான் இடம் இருக்கு," என்றாள் யோருன். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. உன் வீட்டுக்கு ஏதாவது குடுத்தா அது களஞ்சியத்துக்குள்ள போயிடும், நீயும் அதோட உள்ளயே இருந்துடுவ. எனக்குச் சாமான் போனா போகுது. நீ வரணும்."

டாக்னிக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும், மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதாள். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு அந்தச் சீட்டை எடுத்தாள். அதில் கம்பளிப் பஞ்சு ஒட்டிக்கொண்டு பூனை முடி போல இருந்தது.

"கெண்டி ஹெர்டிஸுக்கு எழுதியிருந்தது. நான்தான் உரிச்சேன். என் பேரை நானே ஒட்டுனேன். வாஃபிள் சுடுறதுக்கு முன்னாடியே." சீட்டைக் கெண்டி மேல் அழுத்திப் பார்த்தாள், ஒட்டவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். கடைசியில் கெண்டியைத் தூக்கி ஹெர்டிஸ் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

ஹெர்டிஸ் கெண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பாடா," என்றாள். "ஏழு பிடிதுணி குடுத்தியே, எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாம வச்சிருந்தேன். இப்பத்தான் ஒரு பாத்திரம் கிடைச்சிருக்கு."

முதலில் ஈ மட்டைக்காரி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். டாக்னியும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். முன்னாடியே கவிழ்த்துப் பார்த்தவளுக்கு வாஃபிள் கிடையாது, தின்றதெல்லாம் உன் கணக்கில் கடன் என்றாள் யோருன்.

அத்தோடு டாக்னி திருந்திவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்ததைச் சொல்கிறேன்.

யோருன் குடிபோன மறுநாள் டாக்னி புது இடத்துக்குப் போனாள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் அவளுடைய நீல நாற்காலி. உட்கார்ந்து காபி குடித்தாள். மனம் நிறைந்திருந்தது. அரைக் கோப்பை தாண்டியதும் ஒரு சந்தேகம் வந்தது.

"நான் வராத நாள்ல இதுல யாரு உக்காருவா?"

"வியாழக்கிழமை ஹெர்டிஸ் வருவா."

"என் நாற்காலியிலயா உக்காருவா?"

"பின்ன, தரையில உக்காரச் சொல்லவா?"

டாக்னி மிச்சக் காபியைக் குடிக்காமல் வீட்டுக்கு வந்தாள். நேராகக் கொல்லைக்குப் போய்க் களஞ்சியக் கதவைத் திறந்து, விளக்குகளுக்கும் கெண்டிகளுக்கும் நடுவில் தலையை நுழைத்து இழுக்கத் தொடங்கினாள். எட்வின் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தான்.

"உள்ள போகுதா, வெளிய வருதா?"

"வெளியதான் வருது. வாயைப் பொளக்காம வந்து காலைப் பிடி."

"நாற்காலிக் காலையா, உன் காலையா?"

வெள்ளை வர்ணம் அடித்த, சிவப்பு மெத்தை வைத்த, மடித்தால் கதவுக்குப் பின்னால் அடங்கிவிடும் நாற்காலி அது. வாங்கியதிலிருந்து ஒருவரும் உட்கார்ந்ததில்லை. அந்தக் களஞ்சியத்திலிருந்து ஒரு சாமான் நிரந்தரமாக வெளியே போவது பிடிதுணிகளுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. அது இருந்த இடத்தில் எட்வினுக்குத் தன் தூண்டில்களின் முனை தெரிந்தது.

டாக்னி அதைத் தள்ளுவண்டியில் வைத்து ஊர் பார்க்க யோருனின் புது இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அடிப்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பெரிய சாய்ந்த எழுத்தில் ஹெர்டிஸ் என்று எழுதியிருந்தது.

"உனக்கு நல்ல மனசுடி," என்றாள் யோருன்.

"நல்ல மனசெல்லாம் ஒண்ணும் இல்ல. என் நாற்காலியை விட்டு அவ எந்திரிச்சாப் போதும்."

வியாழக்கிழமை டாக்னியும் போனாள், ஹெர்டிஸ் எதில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்க. ஹெர்டிஸ் வெள்ளை நாற்காலியில்தான் இருந்தாள். நீல நாற்காலி காலியாக இருந்தது. ஹெர்டிஸ் கொண்டுவந்த செம்புக் கெண்டி மேசை மேல் பிடிதுணியோடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் மூன்று கோப்பைகள் வைத்திருந்தார்கள்.