கப்பலை எட்டாத பதில்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. தங்கையாகிய நான் இந்த நினைவு மலரில் எழுத நினைப்பது அவர்கள் வாழ்வின் ஒரு பகல்பொழுதைப் பற்றியே.

அண்ணன் சாயர்புரத்தில் பிறந்தார்கள். அப்பா சீக்கிரம் காலமானதால் படிப்பை நிறுத்தி, தந்தி அடிக்கக் கற்று, யுத்தகாலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தின் கம்பியில்லாத் தந்தி நிலையத்தில் சேர்ந்தார்கள். என்னை ஆசிரியையாக்கியதும் அவர்களே.

நான் சொல்லவந்த அந்தப் பகலில், ஐப்பசிப் புயல் அடித்து நிலையத்தின் உயரக் கம்பம் முறிந்தது. ஏரியல் கம்பியைப் பனையில் கட்டினார்கள், காற்று அறுத்தது. கடைசியில் முழங்கால் உயரக் குச்சிகளை நட்டு, கடற்கரை மணலை ஒட்டியே கம்பியை இழுத்தார்கள். மதியச் சோறு கொண்டுபோன நான் திரும்ப முடியாமல் அங்கேயே இருந்தேன்.

துறைமுகத்துக்கு எதிரே உள்ள தீவுக்குத் தெற்கே மணல்திட்டில் ஏறிவிட்ட சிறு கப்பல் ஒன்று, "படகை இறக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மணலில் ஊன்றிய கப்பல் உடையாது, அலையில் படகுதான் கவிழும் என்பது அண்ணனுக்குத் தெரியும். "இறங்காதீர்கள்" என்று விடாமல் அடித்தார்கள். கப்பல் அதே கேள்வியையே கேட்டது.

"அவங்க சொல்லுதது நமக்குக் கேக்கு, ஏளா. நாம சொல்லுதத ஈர மண்ணே குடிச்சிருது."

"கம்பிய மேல ஏத்துனா கேக்குமாண்ணே?"

"கேக்கும். எதுல ஏத்த?"

அண்ணன் மழையில் ஓடிப்போய், கப்பலுக்குச் சேதி கொண்டுபோகும்படி தோணிக்காரர்களிடம் கெஞ்சினார்கள். அவர்களில் மூத்தவர் அழுதுவிட்டார். "மாதா மேல ஆணையாச் சொல்லுதேன் தம்பி, இந்த அலையில தோணிய இறக்குனா நாங்களும் திரும்ப மாட்டோம்."

அண்ணன் திரும்பி வந்து காதில் கருவியை மாட்டியபோது கப்பலின் கடைசிச் செய்தி வந்தது: "பதில் இல்லை. இறங்குகிறோம்."

மறுநாள் கவிழ்ந்த படகு கரை ஒதுங்கியது. அதில் இறங்கிய ஒன்பது பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கப்பல் திட்டின் மேல் முழுசாக நின்றது.

பிறகு இரும்புக் கம்பம் வந்தது. அண்ணன் அதே நாற்காலியில் வேலை பார்த்தார்கள். சிரிப்பு மட்டும் குறைந்துபோயிற்று. நெஞ்சுநோய் வந்தபோது வைத்தியர்கள் கைவிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

மருந்துக்காக அலைந்த நிலைய நண்பர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் நன்றி. அண்ணனின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த தோணிக்காரர்களே, கடைசி வாரத்தில் அண்ணன் உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார்கள். அடக்கத்தன்று எனக்கு வாய் வரவில்லை. "அவங்க மேல எனக்கு வருத்தமே இல்லன்னு சொல்லிருளா."

சொல்லிவிட்டேன்.