அண்ணனுக்கு விளக்கிச் சொன்ன கோழிப் படங்கள்

அண்ணனின் மூச்சு அடங்கிய அந்தக் காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அண்ணி இருந்தார். அவர்கள் மகள் கவிதா பள்ளிச் சீருடையோடு நின்றிருந்தாள். செங்கல்பட்டில் பிரவுசிங் சென்டர் நடத்தும் சாதிக் பாய் இருந்தார். அண்ணன் ஓட்டிய கம்பெனி பஸ்ஸில் வரும் தொழிலாளர்கள் சிலர், ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கே வந்திருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்கள். நான் அங்கே இல்லை. புனேயிலிருந்து வரும் ரயிலில், ரேணிகுண்டா தாண்டி, கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

படாளத்துக்கு அருகே, அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். பள்ளிக்கூடத்தை அவர் வெளியிலிருந்து பார்த்ததுதான் அதிகம். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டக் கற்று, மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு டிரைவரானார். சிங்கப்பெருமாள் கோயிலில் வாடகைக்கு வீடு எடுத்தார். அப்பா இறந்த பிறகு என்னையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். அப்போது அவருக்கும் அண்ணிக்கும் கல்யாணமாகி சில மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் செங்கல்பட்டில் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான்.

அந்நாளில் இன்டர்நெட்டில் வாரம் ஒரு படக்கதை வரும். நீள மூக்கு விஞ்ஞானி ஒருவனும் அவன் வளர்க்கும் கோழியும் பேசிக்கொள்வார்கள். எல்லாம் அறிவியல் வேடிக்கை. சாதிக் பாய் கடையில் அதைப் பிரின்ட் எடுத்து வந்து, ஒரு நாள் வீட்டில் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடா, தனியா சிரிச்சிகினு கீற?"

"சயின்ஸ் ஜோக்குண்ணே. சொன்னா நேரம் ஆவும்."

"ஆவட்டும். நீ சிரிக்கிறது இன்னைக்கு எனக்குப் புரியலைன்னா, நாளைக்கு நீ பேசுறதும் புரியாது. அப்புறம் ஒரே வூட்ல வேற வேற ஊர்க்காரன் மாதிரி ஆயிடுவோம். சொல்லு."

அன்று தொடங்கிய பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பைக்கில் மாமல்லபுரம் போவோம். சுற்றுலாக் கூட்டத்தை விட்டு விலகி, கரையேற்றிய படகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, மணலில் கோடு போட்டு விளக்குவேன். ஒரு வாரம் இரட்டைக் கோழிகளின் கதை. ஒன்று ராக்கெட்டில், ஒளியை எட்டிப் பிடிக்கிற வேகத்தில் போய்த் திரும்பி வருகிறது. அதற்கு வயதே ஆகவில்லை. வீட்டிலிருந்த கோழி தொண்டு கிழமாகிவிட்டது. அது சொல்கிறது: "என் முட்டையைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது பேரன் எடுத்துவிட்டது."

வேகமாகப் போகிறவனுக்குக் காலம் மெதுவாக நகரும் என்பதை விளக்க மாலையாகிவிட்டது. அண்ணன் தலையாட்டினார், சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பைக் குலுங்கியது. முன்னால் அவர் தோள்கள் ஆடின. "முட்டை... பேரன் எடுத்துச்சாம்டா!" என்று காற்றில் கத்தினார். அவருக்குச் சிரிப்பு அப்படித்தான் வரும், தாமதமாக, முழுசாக.

மறுநாள் அதை பஸ்ஸில் சொல்லியிருக்கிறார். ஆனால் ஜோக் என்று சொல்லவில்லை. தம்பி படித்துச் சொன்ன உண்மை, வேகமாகப் போனால் வயசாகாது என்று சொல்லிவிட்டார். அதோடு தொலைந்தார். அன்று முதல் பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து குரல் வரும்.

"அண்ணாத்த, மிதிச்சு ஓட்டு! என் சம்சாரத்த விட எனக்கு வயசு கம்மியாவணும்!"

"மிதிச்சா வயசே ஆவாதுடா, நேரா சுடுகாடுதான். கம்முனு குந்து!"

'ராக்கெட் டிரைவர்' என்ற பெயர் அவருக்குக் கடைசி வரை நிலைத்தது. பஸ்ஸை மட்டும் அவர் ஒரு நாளும் வேகமாக ஓட்டியதில்லை. தாமதமாக ஓடி வருகிறவனைக் கண்ணாடியில் பார்த்தால் நிறுத்திவிடுவார்.

மேற்படிப்புக்கு நான் புனே போனேன். விடுதியில் எல்லோரும் அதே படக்கதையைப் படித்தார்கள். எல்லோருக்கும் ஒரு நொடியில் புரிந்தது. சிரித்துவிட்டு அவரவர் அறைக்குப் போனார்கள். இப்படிப்பட்டவர்கள் நடுவில் இருக்கத்தானே படித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் விளக்கிச் சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அண்ணன் சாதிக் பாய் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கோழியைப் பார்த்தபடி எனக்குப் போன் செய்வார். நான் புனேயில் அதே படத்தைத் திறந்து வைத்திருப்பேன்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. கடை வரை வர முடியாமல் போனதும், சாதிக் பாய் தாளில் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். அதன் பிறகு நான்தான் போன் செய்வேன்.

கடைசியாகப் பேசியது விஞ்ஞானியின் கல்யாணப் படம் பற்றி. பந்தலில் மாப்பிள்ளையைக் காணோம். எங்கே என்று எல்லோரும் கேட்க, கோழி சொல்கிறது: "அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லலாம், அல்லது எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்று சொல்லலாம். இரண்டையும் ஒருசேரச் சொல்ல இயலாது."

"ஏன் முடியாது?" என்றார் அண்ணன். குரல் மெலிந்திருந்தது. அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரானிலிருந்து ஆரம்பித்தேன்; அதன் இடத்தைத் துல்லியமாக அறிந்தால் வேகம் நழுவிவிடும் என்பதுதான் ஜோக். பாதியில் என் போனில் காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது. கீழே கடைக்குப் போய் ரீசார்ஜ் செய்து கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தார். "தூங்கிட்டாரு தம்பி. காலைல பேசு."

காலையில் சாதிக் பாய் கூப்பிட்டார், அண்ணன் கண் திறக்கவில்லை என்று. கிடைத்த ரயிலில் ஏறினேன். அவர் மூச்சு அடங்கியது மறுநாள் காலை.

காரியங்கள் முடிந்த பிறகு அண்ணி ஒன்று சொன்னார். போன் அறுந்ததும் அண்ணன் உடனே தூங்கிவிடவில்லையாம். நான் விட்ட இடத்திலிருந்து அவரே அண்ணிக்கு விளக்கினாராம். "கண்ணாலத்துக்கு பயந்து ஓடுறவன் எங்க நிப்பான்? நின்னான்னா புடிச்சு உக்கார வச்சிடுவாங்க இல்ல. அதான் கோழி காட்டிக் குடுக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அண்ணியும் சிரித்தாராம். அதற்குப் பிறகுதான் தூங்கினாராம். இயற்பியல்படி அந்த விளக்கம் முழுத் தவறு. அண்ணியிடம் நான் அதைத் திருத்தவில்லை.

அந்தப் படத்தை என் கையால் வரைந்து இந்த நினைவு மலரில் போடலாமா என்று கேட்டபோது சித்தப்பா தயங்கினார். "சாவு புக்குல கோழிப் படமாடா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும் மாமா," என்றார் அண்ணி.

அண்ணனின் இறுதி நாட்களில் உடனிருந்த சாதிக் பாய்க்கும், முறை போட்டுக்கொண்டு இரவில் துணைக்குப் படுத்த பஸ் நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரிச் செவிலியர்களுக்கும், பேர் தெரியாத அந்தப் படக்கதைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில் கோழி இருக்கிறது. கீழே அண்ணன் சொன்ன விளக்கத்தையே அச்சிட்டிருக்கிறோம். சரியான விளக்கம் வேண்டுபவர்கள் என்னைக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை எதுவும் இல்லை. அந்த ஒரு பக்கத்துக்கு அச்சகத்தில் கூடுதலாகக் கேட்டது முந்நூற்றைம்பது ரூபாய். அண்ணி கொடுத்தார்.