தமிழ்நிலாவை யாரும் துரத்தவில்லை

வேலை தெரியாதவள், அதனால்தான் கம்பெனியில் துரத்திவிட்டார்கள் என்று நீங்கள் பேசுவது பொய். பக்கத்து வீட்டு ராசம்மாள் சொன்னாலும் பொய், வேறு யார் சொன்னாலும் பொய். என் மகன் வயிற்றுப் பேத்தி தமிழ்நிலா வேலை தெரிந்தவள். கெடுத்தது நான். அதையும் சேர்த்தே எழுதச் சொல்கிறேன்.

சின்ன வயதிலேயே அவளுக்குத் தப்பு பொறுக்காது. கதை சொல்லும்போது நான் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால், கதை முடியட்டும் என்று இருக்கமாட்டாள். அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவாள். கீழ்வேளூருக்கு நடந்து போய்ப் படித்தவள், எங்கள் தெருவில் முதல் இன்ஜினியர்.

அவள் வேலை என்னவென்று கேட்டேன். போனில் முகம் பார்த்துப் பேசும்போது படம் நின்று நின்று வருகிறதே, அதைச் சரிசெய்வதுதான் என்றாள். பேச்சும் படமும் துண்டு துண்டாகத்தான் வருமாம். வழியில் சில தொலைந்துவிடும். ஒரு கட்டு முழுக்க வந்து சேர்ந்த பிறகு தொலைந்ததைச் சரிசெய்வது பழைய முறை. அந்தக் காத்திருப்பில்தான் தாமதம்.

நாற்பது வருசம் நடவு நட்டவள் நான், எனக்கா புரியாது? வயல் முழுக்க நட்டுவிட்டு, பிறகு வந்து விட்டுப்போன இடத்தில் ஊன்றுவது பழைய முறை. கையில் ஒரு பிடி நாற்றைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, விட்டுப்போன இடத்தை அப்போதைக்கப்போதே நிரப்பிக்கொண்டு போவது இவள் முறை. நாலு துண்டுக்கு ஒரு துண்டு கூடுதலாக அனுப்பினால் போதும் என்றாள்.

சிக்னல் மோசமான ஊரில் சோதிக்க வேண்டுமென்று பதினைந்து நாள் தவணை வாங்கிக்கொண்டு இங்கே வந்தாள். மாடியில் சிக்னல் பிடிக்கிற பெட்டி ஒன்றை வைத்தாள். வீட்டுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்ப்பாள்.

வீட்டை ஒட்டி எங்கள் குத்தகை நிலம் ரெண்டு மா. அப்போதுதான் கதிர் பூத்திருந்தது. அந்தப் பெட்டி பூவைக் கருக்கிக் கதிரையெல்லாம் பதராக்கிவிடும் என்றாள் ராசம்மாள். நான் நம்பினேன். நெல் பூப்பது பத்து மணிக்கு மேல். தினமும் அந்த நேரத்துக்கு மாடியேறிப் பெட்டிமேல் அலுமினியக் குண்டானைக் கவிழ்த்தேன். உச்சி சாய்ந்ததும் எடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, பத்து மணிக்கு மேல் துண்டுகள் கொத்துக் கொத்தாகத் தொலைகின்றன, ஏனென்று தெரியவில்லை என்றாள். நாலுக்கு ஒன்று போதாமல் ரெண்டு, மூன்று என்று கூட்டிப் பார்த்தாள். கூட்டக் கூட்டத் தாமதமும் கூடியது. சாயங்காலம் மாடியேறிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போது குண்டான் அடுக்களையில் இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் தவணை முடியும்வரை கவிழ்த்தேன். பேத்தியைவிடக் கதிர் பெரிதாகத் தெரிந்தது எனக்கு.

தவணை முடிந்தது. நீ கண்டுபிடித்த முறை தேறாது, வந்து வேறொருவர் வேலையில் உதவியாக இரு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்.

கிளம்புகிற அன்று காலையில்தான் எனக்கு வாய் வந்தது.

"நிலா, பெட்டிமேல குண்டானைக் கவுத்தது நான்தான்."

ஏன் என்று கேட்டாள், சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். பையை இறக்கி வைத்துவிட்டு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எத்தனை நாள் என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"பயந்து செஞ்ச, சரி. நான் தவிச்சதைப் பாத்தப்புறமுமா, அப்பாயி?"

ஆமாம் என்றேன்.

இதைக் காட்டினால் இன்னொரு தவணை கொடுப்பார்களா என்று கேட்டேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். நான் கட்டிவைத்த சோற்றை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். பஸ் ஏறும்வரை கூடப் போகிறவள் நான். அன்றைக்கு வாசலோடு நின்றுகொண்டேன்.