அக்காவுக்கு முட்டை, எனக்கு ஒருசந்தி

தக்காளி பறிக்கப் போன அக்காவைக் கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்தது. விஷமுறிவு ஊசி உயிரைப் பிடித்து நிறுத்தியது. ஆனால் மூன்றாம் நாள் மூத்திரம் நின்றுபோனது. சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன என்றார் டாக்டர்.

"பெரும்பாலும் திரும்பி வந்துடும்ங்க. வர்ற வரைக்கும் ஒடம்பு தாங்கணும்."

ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ்.

அத்தான் உயிரோடு இல்லை. அக்கா மகள் பெங்களூரில், கைக்குழந்தையோடு. ராத்திரிக்கு என் மனைவி, பகலுக்கு நான் என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வார்டுக்கும் வெயிலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். நடந்தபடியே கைப்பேசியில் படித்தேன். கிட்னிக்கு உப்பு ஆகாது, பருப்பு ஆகாது, பழம் ஆகாது, முட்டை ஆகவே ஆகாது. பக்கத்துக் கட்டிலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வத்தல்மலையிலிருந்து வந்திருந்த பெண்ணும், "கிட்னின்னா பத்தியந்தாங்ணா" என்றாள்.

போதாதா எனக்கு? பார்க்க வந்தவர்களின் இளநீரை அவர்களையே குடிக்கவைத்து அனுப்பினேன். அக்காவுக்கு மூன்று வேளையும் கஞ்சித் தண்ணீர். களி தின்று வளர்ந்த உடம்பு ஐந்தே நாளில் கட்டிலோடு கட்டிலாக ஒட்டியது. மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்த செபமாலை மூன்று சுற்று வந்தது. நோய் தின்கிறது என்று நினைத்தேன்.

டயட்டீஷியன் வந்து கட்டிலருகே நின்றார்.

"நேத்து என்ன சாப்ட்டாங்க?"

"கஞ்சித் தண்ணி மேடம்."

"முந்தா நாளு?"

"அதேதாங்க. பத்தியமா வச்சிருக்கேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"பட்டினி போட்டு வச்சிருக்கீங்க. டயாலிசிஸ்ல சத்தும் கூடவே வெளிய போவுதுங்க. உள்ள போடலன்னா ஒடம்பு தன் சதையையே கரைச்சுத் தின்னும். இளநீரை நிறுத்துனது சரி. சோத்தை நிறுத்துனா எப்படிங்க? நான் குடுத்த சீட்டு எங்க?"

சீட்டு என் சட்டைப்பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. சோறு, இட்லி, அளவாகப் பருப்பு, வேளைக்கு இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. ஊரிலுள்ளதையெல்லாம் படித்தவன் அந்த நாலு வரியைப் படிக்கவில்லை.

ஓடிப்போய் முட்டை வாங்கி, அவித்து, மஞ்சளை நீக்கி, தட்டில் வைத்து நீட்டினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தவக்காலம்டா."

மறந்தே போயிருந்தேன். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அக்கா கவுச்சி தொடாது. ஒருவேளைச் சாப்பாடுதான், ஒருசந்தி. அத்தான் இறந்த வருஷத்திலிருந்து ஒருமுறைகூடத் தவறியதில்லை. பங்குச் சாமியாருக்குப் போன் போட்டேன். நோயாளிக்கு விலக்கு உண்டு, தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கவும் வைத்தேன்.

"அவரு விலக்கு குடுப்பாரு. நேர்ந்துக்கிட்டது நானு."

இட்லியும் சோறும் கொஞ்சம் இறங்கின. முட்டை இறங்கவில்லை. மறுநாள் டயாலிசிஸ் முடிந்து வந்தபோது தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. அப்போதுதான் முதல்முறையாக நடக்காமல் நின்றேன்.

"க்கா, செத்துப்போவியாட்டம் இருக்குது."

அக்கா என்னையே பார்த்தது. கோயில் பக்கம் போயே பல வருஷமான, ஆஸ்பத்திரி எதிரே தினமும் பிரியாணி தின்கிற தம்பியை.

"நான் முட்டை திங்கறேன். எனக்குப் பதிலா நீ ஒருசந்தி இரு."

"நானா?"

"ஈஸ்டர் வரைக்கும். கவுச்சி கூடாது. ஒருவேளைச் சோறு."

"டீ?"

"டீ குடிச்சிக்கோ. இல்லன்னா ஒன்ன யாரு தாங்கறது?"

பக்கத்துக் கட்டில் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றது. முகம் கோணியது. "உப்பில்லாத முட்டை. ஒருசந்தியே தேவலாம்டா."

அதன்பின் தினமும் எனக்கு விசாரணை. பேக்கரியில் என்ன தின்றேன், கேக்கில் முட்டை உண்டா இல்லையா, வாயை ஊது. பசி காதுக்குள் இரைந்தது. அக்கா ஒவ்வொரு வேளையும் என் கண்ணெதிரே இரண்டு முட்டை தின்றது. பொறாமையோடும் நன்றியோடும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூத்திரம் அளக்கிற பிளாஸ்டிக் ஜக்கில் முதலில் அடி நனைந்தது. பிறகு ஒரு கோடு, இரண்டு கோடு. ஒரு காலையில் பாதி ஜக். நர்ஸ் குறித்துக்கொண்டு போனார். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அன்றைய டயாலிசிஸ் வேண்டாம் என்றார். அந்த ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பை வாங்கியவன்போல் வார்டு நடுவே நின்றேன்.

"க்கா, இன்னைக்கி ஒருநாளு பிரியாணி..."

செபமாலை மணிக்கட்டில் இன்னும் மூன்று சுற்றுதான். ஆனால் தலை தலையணையைவிட்டு நிமிர்ந்தது.

"ஈஸ்டருக்கு இன்னும் பன்னெண்டு நாளு இருக்குது."

ஜக்கைக் கழுவி வைத்தேன். பிரியாணிக் கடையைத் தாண்டி டீக்கடைக்கு நடந்தேன்.