ஈரல் பார்க்க வந்தவர்கள்

ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேஜை என்றால் வரவேற்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள், வருகிறவர்களை "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, "ஆச்சு" என்றவர்களைத் திருப்பி அனுப்புகிற வேலை. திருவொற்றியூரில் நான் அதைத்தான் செய்கிறேன். காலி வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்து மேஜைக்காரியை மனசுக்குள் திட்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என்ன செய்ய, நானும் காலையில் சாப்பிடாமல்தான் பஸ் பிடிக்கிறேன்.

டீ கணக்கில் வராது

தேசப்பன் அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். மகள் பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், அவர் உடம்பில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும், ரத்தம் வழியாகவும் வரும். ஈரலில் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருந்து, சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். அதனால் மாத்திரையை விடக்கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்க்கணும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் தடவையே மீசையில் பன் துகளோடு வந்து நின்றார். வெறும் வயிற்றில் வரச் சொன்னோமே அண்ணே என்றேன். மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை.

"டீ இன்னா சாப்பாட்டுலயா சேத்தி, தங்கச்சி? பன்னு அதோட தோஸ்து, கூடவே வந்துச்சு."

குடிக்காதவர் கேட்ட நியாயம்

மறுநாள் ஒழுங்காகப் பட்டினியோடு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அவர் படகுக்குக் கயிறு விற்கிற ராயபுரத்து பாய். பாய்க்குச் சர்க்கரை உண்டு, தொப்பை உண்டு, வாரம் தவறாமல் பிரியாணி உண்டு. குடிப்பழக்கம் மட்டும் கிடையாது. ரிப்போர்ட்டில் ஈரலில் கொழுப்பு என்று வந்ததும், வேறு யாருடையதையோ மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

ஸ்கேன் பார்த்த டாக்டரே வெளியே வந்தார். கொழுப்பு படிந்த ஈரல் புண்ணாகும், புண் ஆறி ஆறித் தழும்பாகும், தழும்பேறிய ஈரலில் புற்று முளைக்க இடம் உண்டு, குடிக்காதவருக்கும் இதே வழிதான் என்று விளக்கினார். இப்போதே எடையைக் குறைத்தால் கொழுப்பும் குறையும் என்றார். பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குடிக்கிறவனுக்கு வர்றது எனக்கும் வரும்னா, இத்தினி வருசம் குடிக்காம இருந்ததுக்கு இன்னாம்மா மரியாத?"

கரையேற்றிய படகு

அன்று தேசப்பன் அண்ணன் ஸ்கேனில் கட்டி ஏதும் இல்லை, அதற்கப்புறம் ஆளே காணோம். போன் போட்டால் கடலில் இருப்பார், இல்லாவிட்டால் கடலில் இருப்பதாகச் சொல்வார். பின்னால் பஸ் ஹாரன் கேட்கும். நடுவில் கண் மஞ்சளாகி, கீழாநெல்லி அரைத்துக் குடித்திருக்கிறார். கண் வெளுத்ததும் காமாலை போய்விட்டது என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கண் வெளுக்கலாம், கிருமி வீட்டைக் காலி பண்ணாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நின்றபோது, மீன் விற்கிற அவர் மனைவி சரசா அக்கா, அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை என்று அண்ணன் வாசலிலேயே மல்லுக்கு நின்றார். அக்கா விடவில்லை.

"உன் போட்டு நல்லா ஓடிகினு கீதுன்னு சும்மாவா உடுற? வருசா வருசம் கரையேத்தி அடிப்பலகைய தட்டித் தட்டிப் பாக்குற இல்ல? உன் வவுத்த காட்டுறதுக்கு மட்டும் இன்னாய்யா நோவுது?"

வலிக்காத கட்டி

அன்று டாக்டர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஈரலில் நெல்லிக்காய் அளவு கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் அது புற்றுநோய்தான் என்று உறுதியானது. எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. வலியே இல்லையே என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். வலி வருகிறவரை காத்திருந்தால் இவ்வளவு சின்னதாகக் கிடைத்திருக்காது என்றார்கள் அங்கே டாக்டர்கள். கட்டிக்குள் ஊசி செலுத்தி, அதன் முனைச் சூட்டிலேயே அதைக் கருக்கினார்கள்.

உடம்பு தேறியதும், எங்கள் சென்டர் லேபில் ரத்தப் பரிசோதனைக்குத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அவனுக்கும் கிருமி இருக்கலாம். தம்பி வாசற்படியிலேயே நின்று, எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே என்றான். அண்ணன் அவன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"எனக்கும் ஒண்ணும் இல்லாமத்தான்டா இருந்துச்சு. கைய நீட்டு."

வாயைத் திறக்காத ஈரலுக்கும் சேர்த்துப் பேசி ஊர் ஏச்சை வாங்கிக்கொள்வதுதான், பார்க்கப்போனால், இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட தொழில்.