தூண்டில் பிடித்த மோட்டார்மேன்

சுடலைக்கண்ணன் மும்பை ஹார்பர் லைனில் லோக்கல் ரயில் ஓட்டுகிறவர். தாராவியில் பிறந்து வளர்ந்து கோவண்டியில் வீடு வாங்கியவர். தன் வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான் தினமும் வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். மனைவி பிரேமலதா செம்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். ஒரே மகளுக்கு அவருடைய அம்மாவின் பெயரான பேராச்சி என்பதை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதை ப்ராச்சி ஆக்கிவிட்டார்கள். இப்போது அவளே அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறாள்.

மும்பையில் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறவர்கள் எப்போதாவது வண்டியில் அகப்பட்டுவிடுவார்கள். முதல் தடவை சுடலைக்கண்ணனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இரண்டாவது தடவை குளித்துக் குளித்தே காய்ச்சல் வந்துவிட்டது. போன சித்திரையில் மான்குர்த் பக்கம் நடந்தது வேறு மாதிரி. போனில் பேசிக்கொண்டே ஒரு வாலிபன் குறுக்கே வந்தான். ஹாரன் அடித்தார், பிரேக் போட்டார். வண்டி அது நிற்கிற தூரத்தில்தான் நின்றது. கார்டிடம் சொன்னார். ஆட்கள் வந்து தூக்கிப்போனதும் மறுபடி கிளம்பி வண்டியைப் பன்வேலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஓய்வறையில் கை கழுவிவிட்டு டப்பாவைத் திறந்து முழுச் சோற்றையும் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த இன்னொரு மோட்டார்மேன் ஹரியிடம் ஊறுகாய்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ராத்திரி வீட்டில், வண்டி லேட் என்று சொல்வதைப்போல அதைச் சொன்னார். பிரேமலதா அவர் முகத்தையே பார்த்தாள். மறுநாள், "லீவு கெடக்குல்லா, எடுங்க. புள்ளைக்கும் ஸ்கூல் இல்ல. எங்கியாவது போவோம்" என்றாள்.

பாவுச்சா தக்கா படகுத்துறையில் லாஞ்ச் ஏறி, அலிபாக் பக்கத்திலிருக்கும் நாகாவ் கடற்கரைக்குப் போனார்கள். அறை கொடுத்த சாய்நாத் வருகிறவர்களுக்குத் தூண்டிலும் கொடுப்பான். சுடலைக்கண்ணன் அதுவரை தூண்டிலைத் தொட்டதே இல்லை. இறால் துண்டை முள்ளில் குத்தவும் அலைக்கு அப்பால் வீசவும் சாய்நாத் சொல்லிக்கொடுத்ததும் வாங்கிக்கொண்டு போய் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டார். தூண்டில் பிடித்து நிற்கிறவனிடம் யாரும் வந்து பேசுவதில்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது. பின்னால் குதிரைவண்டிகள் போயின. பிள்ளைகள் கத்தினார்கள். எல்லாம் பக்கத்து வீட்டு டிவிபோலக் கேட்டது.

"அப்பா, இழுக்கு! ரீல் சுத்துங்க, ஜல்தி!" பேராச்சிதான் ஓடிவந்து கத்தினாள். கம்பின் நுனி வளைந்து துடித்துக்கொண்டிருந்தது. அவர் கையில்தான் கம்பு இருந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை.

"இழுக்கா?" என்று கேட்டுக்கொண்டே சுற்றினார். ஒரு சாண் நீளத்தில் ஒரு கிழங்கான் மீன் வந்தது. முள்ளைக் கழற்றி மீனை வாளியில் போட்டார். பேராச்சி போட்டோ எடுத்தாள். சிரிக்கச் சொன்னாள், சிரித்தார். ராத்திரி சாய்நாத்தின் மனைவி அதை மசாலா தடவிப் பொரித்துத் தந்தாள். நல்லா இருக்கா என்று மகள் கேட்டபோது, நல்லா இருக்கு என்றார்.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரைக்குத் திரும்பினார்கள். சுடலைக்கண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது, அப்புறம் நெஞ்சுக்கு வந்தது. கரையிலிருந்து சாய்நாத் இந்தியில் கூப்பிட்டான். பேராச்சி கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. இளநீர் வாங்கப் போயிருந்த பிரேமலதா செருப்போடு தண்ணீருக்குள் ஓடி, பின்னாலிருந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். கம்பு கைநழுவி அலையோடு போனது.

"ஏங்க, இம்புட்டுப் பேரு கூப்புடுதோம், காது கேக்கலியா? என்னத்த நெனச்சிட்டு நிக்கிய?"

"ஒண்ணும் நெனக்கல."

"பொய் சொல்லாதிய."

"சத்தியமா லதா. சாவணும்னெல்லாம் இல்ல. தண்ணி ஏறுது, அது தெரியுது. பின்னால வரணும்னு தோணல, அவ்வளவுதான்."

அவள் பிடியை விடாமலே அவரைக் கரைக்குக் கொண்டுவந்தாள். ஈர மணலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பேராச்சி சற்றுத் தள்ளி, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு நான் சாப்ட்டேன்" என்றார் அவர். "அந்தப் பையன ஏத்திட்டு, போயி சாப்ட்டேன்."

"தெரியும். டப்பா காலியா வந்துச்சே. அதுலருந்துதான் எனக்குப் பயம்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க அழுதா, கூட ஒக்காந்து நானும் அழுவேன். இதுக்கு நான் என்ன செய்ய?"

அவளுடைய ஒரு செருப்பு கடலோடு போயிருந்தது. அந்த வெறுங்காலைப் பார்த்தார். பாவம் என்று நினைக்கவேண்டும் என்று தெரிந்தது.

"இப்படியே டியூட்டிக்குப் போவாதிய" என்றாள்.

"சரி."

சொன்னபடியே செய்தார். திரும்பி வந்ததும் மேலதிகாரியிடம் போய், "சார், எனக்கு எதுவும் உறைக்க மாட்டேங்குது, வண்டி ஓட்டக்கூடாதுன்னு தோணுது" என்று இந்தியில் சொன்னார். அதிகாரி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டார். நன்றாகத் தூங்குகிறேன் என்றபோது சுடலைக்கண்ணனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு அவருக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

இப்போது அவருக்கு குர்லாவில் மேஜை வேலை. மாத்திரை சாப்பிடுகிறார். பெரிய மாற்றம் என்று எதுவும் இல்லை. பிரேமலதா வேலை முடிந்து வந்ததும், "இன்னைக்கு எப்படி?" என்று கேட்பாள். முன்பென்றால் நல்லாருக்கேன் என்று சொல்லியிருப்பார். இப்போது, "அப்படியேதான் இருக்கு" என்கிறார். அவளும் சரி என்று சொல்லிவிட்டு, டீ போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்காருகிறாள்.